புல்மோட்டை மணலில் ஒரு தோரியம் அணு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போகிறவர்களுக்கு நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிலாவெளியில் கண் கூசும் வெண்மணல். அதே குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவின் வடகோடியில், புல்மோட்டையில், கரை கறுத்துக் கிடக்கிறது. ஒரு கைப்பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனக்கும். வலுவான காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் கறுப்பு மணிகள் எழுந்து வந்து ஒட்டும். தீவின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து ஆறுகளோடு கடலுக்கு வந்தன. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் பாரம் குறைந்த மணலை வாரிக்கொண்டு போக, பாரமான கனியங்கள் கரையிலே தங்கிவிட்டன. புவியீர்ப்பு செய்த சலிப்பு வேலை அது. கறுப்பில் பெரும்பங்கு இல்மனைற். ரூட்டைலும் சிர்க்கோனும் அதற்கு அடுத்தபடி. இந்த மணலை எடுக்கவென்றே 1957இல் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது.

நூற்றுக்கு ஒரு பங்குகூட வராத இன்னொரு கனியமும் அதில் கலந்திருக்கிறது. மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் மொனசைற். அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு தோரியம். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கரையிலும் இதே கதைதான். குவாண்டம் கொள்கையை விளங்கப்படுத்த வருகிறவர்கள் வழக்கமாக ஒரு பூனையைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். நமக்குப் பூனை வேண்டாம். புல்மோட்டையில் காலில் மிதிபடுவதே போதும்.

விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு வரும் ஒரு மொனசைற் மணியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஏறக்குறைய நாற்பது கோடி கோடி தோரியம் அணுக்கள் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக அவற்றில் ஓர் அணு சிதைகிறது. அதன் கருவிலிருந்து ஓர் அல்பாத் துணிக்கை, அதாவது இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்த கட்டு, பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. தோரியத்தின் அரை ஆயுட்காலம் 1405 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தான். பிரபஞ்சம் தோன்றிய நாளிலேயே ஒரு பிடி தோரியத்தை யாராவது எடுத்து வைத்திருந்தால், இன்றைக்கும் அதில் பாதிக்குமேல் அப்படியே இருக்கும். ஆனால் இந்த நிமிடம் ஓர் அணு வெடித்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தது வெடிக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் எதுவும் இல்லை என்பதுதான் விடை. அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழி சுவையானது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1405 கோடி ஆண்டுகள் யார் காத்திருந்து பார்த்தார்கள்? யாரும் காத்திருக்கவில்லை, எண்ணினார்கள். ஒரு கிராம் தோரியத்தில் எத்தனை அணுக்கள் என்பது இரசாயனத்திலிருந்து தெரியும். அதிலிருந்து விநாடிக்குச் சுமார் 4000 அல்பாக்கள் தோரியத்தினதாக வருகின்றன. மொத்தம் தெரியும், விநாடிக்கு எத்தனை குறைகிறது என்பதும் தெரியும். பாதியாக எவ்வளவு காலம் எடுக்கும் என்று சொல்ல அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

ஒவ்வோர் அல்பாவையும் தனித்தனியாக எண்ணலாம் என்பதை மான்செஸ்ரரில் ரதபோர்டும் கைகரும் காட்டினார்கள். சிறு திரையில் அல்பா மோதும்போது ஒரு மினுக்கம் தோன்றும். 1910இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பொலோனியத்திலிருந்து வந்த மினுக்கங்களை ஏழரை விநாடி இடைவெளிகளாகப் பிரித்து, அப்படி 2608 இடைவெளிகளை எண்ணியிருந்தார்கள். மொத்தம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மினுக்கங்கள்; ஓர் இடைவெளிக்குச் சராசரியாக 3.87. சில இடைவெளிகளில் ஒன்றுகூட இல்லை, சிலவற்றில் பத்து, பதினொன்று. எத்தனை மினுக்கம் எத்தனை தடவை வரவேண்டும் என்று, முற்றிலும் தற்செயலான நிகழ்ச்சிகளுக்கான கணக்கைப் பேற்மன் என்ற கணிதர் போட்டுக் கொடுத்தார். எண்ணியது கணக்கோடு பொருந்தியது. முந்திய மினுக்கத்துக்கும் பிந்தியதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அணுவுக்கு ஞாபகமும் இல்லை, மூப்பும் இல்லை. கோடி ஆண்டுகள் பாறைக்குள் இருந்த தோரியம் அணு அடுத்த நிமிடத்தில் சிதைய எவ்வளவு வாய்ப்போ, நேற்றுப் பிறந்த தோரியம் அணுவுக்கும் அவ்வளவே வாய்ப்பு. மனிதருக்குப் பொருந்தும் காப்புறுதிக் கணக்கு எதுவும் இங்கே செல்லாது.

இந்தக் கதையில் இலங்கைக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு. பெரும்பாலும் கலை வரலாற்று ஆசிரியராகவே நாம் அறிந்திருக்கும் ஆனந்த குமாரசுவாமி, கல்வியால் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளர். சிவ நடனத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் அவர் எழுதியவை பாறைகளைப் பற்றி. 1904இல், பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் மண்ணில் கிடைத்த பாரமான கறுப்புக் கனசதுர மணிகள் ஒரு புதுக் கனியம் என அறியப்பட்டதற்கு அவர் பெயரே சொல்லப்படுகிறது. முதலில் யுரேனியக் கனியம் என நினைத்திருந்தார்கள். இலண்டனில் டன்ஸ்ரன் என்ற இரசாயனவியலாளர் பகுத்துப் பார்த்தபோது பெரும்பங்கு தோரியம் ஒட்சைட் என்று தெரிந்தது. தோரியனைற் என்று பெயரிட்டார்கள்.

அந்த இலங்கைக் கனியம் இலண்டனில் இரண்டு கைகளுக்குப் போனது. யுனிவர்சிற்றி கொலேஜில் வில்லியம் ராம்சேயிடம் வேலை பழக வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞருக்கு, தோரியனைற்றிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து அதிலுள்ள ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். 1905இல் அவர் ரேடியத்தோடு எதிர்பாராத இன்னொன்றையும் கண்டார். ரேடியோதோரியம் என்று அவர் அழைத்த அது, இன்றைய பெயரில் தோரியம்-228. இரசாயனத்தில் வேலை தேடி வந்தவர் கதிர்த்தொழிற்பாட்டு ஆய்வாளராக மாறியது அங்கேதான். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்ததும் அதே ஹான். மற்றக் கை ரொபேட் ஸ்ட்ரட் என்ற பௌதிகருடையது. அல்பாத் துணிக்கை வேகம் குறைந்ததும் இரண்டு இலத்திரன்களைப் பிடித்துக்கொண்டு ஈலியம் வாயுவாகிவிடும். அப்படியானால் தோரியனைற்றுக்குள் அடைபட்டிருக்கும் ஈலியம், அதற்குள் இதுவரை நடந்த சிதைவுகளின் பேரேடு. ஸ்ட்ரட் கல்லைக் கரைத்து ஈலியத்தை அளந்தார். பிறகு கரைசலை வைத்திருந்து, புதிதாக எவ்வளவு ஊறுகிறது என்பதையும் 1910இல் அளந்தார். இரண்டையும் வகுத்தால் கல்லின் குறைந்தபட்ச வயது கிடைக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று வந்தது. பூமிக்குச் சில கோடி ஆண்டுகளே வயது என்று கெல்வின் பிரபு நிறுவிவைத்திருந்த கணக்கு ஆட்டம் கண்டதில் இத்தகைய அளவீடுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வளவும் அளந்தாயிற்று. ஆனால் அல்பா ஏன், எப்படி வெளியே வருகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்ததும் குழப்பத்தைத்தான் கூட்டியது. கருவும் அல்பாவும் இரண்டுமே நேர் ஏற்றம் உள்ளவை, ஒன்றையொன்று தள்ளும். மிகக் கிட்டப் போனால் மட்டும் கருவிசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கருவைச் சுற்றி ஒரு சக்தி மேடு இருக்கிறது. வெளியே இருக்கிறவர் உள்ளே போகவும், உள்ளே இருக்கிறவர் வெளியே வரவும் அந்த மேட்டைக் கடக்கவேண்டும். அதன் உயரத்தை எப்படி அறிவது? வெளியிலிருந்து அல்பாக்களை ஏவிப் பார்த்தார்கள். யுரேனியத்திலிருந்து வெளிவரும் அல்பாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தியுள்ள அல்பாக்களை ஏவியபோதும், அவை மேட்டில் பட்டுத் திரும்பின. ஒன்றும் உள்ளே போகவில்லை. இரண்டு மடங்கு சக்தியோடு வந்தவனால் ஏறமுடியாத மேட்டை உள்ளே இருந்தவன் பாதிச் சக்தியோடு எப்படித் தாண்டினான்? ரதபோர்ட் 1927இல் ஒரு விளக்கம் சொன்னார்: அல்பா வெளியேறும்போது இரண்டு இலத்திரன்களைக் கூட்டிக்கொண்டு ஏற்றமற்றதாக வருகிறது, மேட்டைக் கடந்தபின் அவற்றை விட்டுவிடுகிறது என்று. பெரிய மனிதர் சொன்னதால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் அந்த விளக்கத்துக்கு ஆயுள் இருக்கவில்லை.

வறண்ட மாதங்களில் இந்தக் கரையோரத்துக் களப்புகளின் வாயை மணல்திட்டு அடைத்துவிடும். மாரியில் தண்ணீர் ஏறினால் அல்லது ஊரவர்கள் திட்டை வெட்டிவிட்டால்தான் களப்பு மீன் கடலுக்குப் போகும். அடைபட்ட ஒரு களப்பைக் கற்பனை செய்யுங்கள். திட்டின் உயரம் 28 முழம். உள்ளே இருக்கும் மீன் துள்ளினால் 4 முழம் எழும்பும். எத்தனை தடவை துள்ளினாலும் 4 முழம்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் மீன் கடல் பக்கத்தில் நீந்துகிறது. திட்டு உடையவில்லை, தண்ணீர் ஏறவில்லை, வலையால் அள்ளி யாரும் போடவுமில்லை. கடலிலும் அது 4 முழமே துள்ளுகிறது. தோரியம் கருவின் நிலை இதுதான். அதன் மேடு ஏறக்குறைய 280 இலட்சம் இலத்திரன்வோல்ற்று. வெளியே வரும் அல்பாவின் சக்தி 40 இலட்சம் இலத்திரன்வோல்ற்று.

1928 கோடையில் லெனின்கிராட்டிலிருந்து கெற்றிங்கன் வந்திருந்த ஜோர்ஜ் காமோவுக்கு வயது 24. நூலகத்தில் ரதபோர்ட்டின் கட்டுரையை வாசித்தார். விளக்கம் தவறு, வேண்டியது இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஷ்ரோடிங்கர் எழுதிவைத்த அலைச் சமன்பாடு என்று கண்டுகொண்டார். கிட்டத்தட்ட அதே வேளையில் பிரின்ஸ்ரனில் கேர்னியும் கொன்டனும் தனியே அதே முடிவுக்கு வந்தார்கள்.

குவாண்டம் பொறிமுறையில் ஒரு துணிக்கை இருக்கும் இடத்தை ஓர் அலை குறிக்கிறது. அலை எங்கே பெரிதோ அங்கே துணிக்கை அகப்படும் நிகழ்தகவு அதிகம். இந்த அலை மேட்டின் விளிம்பில் சட்டென்று அறுந்துபோவதில்லை. பழைய பௌதிகம் விலக்கிவைத்த பகுதிக்குள்ளும் அது நுழைகிறது, ஆனால் உள்ளே போகப்போகச் சுருங்குகிறது. மேடு முடிவதற்குள் முழுதாக அழிந்துவிடாமல் ஒரு நூலிழை மிஞ்சினாலும், அந்த நூலிழை அளவுக்கு வெளியே அகப்படும் வாய்ப்பு உண்டு. இதைக் குவாண்டம் ஊடுருவல் என்று சொல்லலாம். களப்பு உவமை இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. தண்ணீர் கசிவதைப்போல அல்பா கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதில்லை. வெளியே வந்தால் முழு அல்பா, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கசிவது வாய்ப்பு மட்டுமே. ‘துணிக்கை சற்று நேரத்துக்குச் சக்தியைக் கடன் வாங்கி மேட்டைத் தாண்டுகிறது’ என்று சில பாடப்புத்தகங்கள் எழுதுவதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் யாரும் கடன் கொடுக்கவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை சக்தி மாறவே இல்லை.

அலை சுருங்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குறித்த தடிப்புள்ள மேடு வாய்ப்பை ஆயிரத்தில் ஒன்றாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தடிப்பு இரண்டு மடங்கானால் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்று அல்ல, பத்து இலட்சத்தில் ஒன்று. மூன்று மடங்கானால் நூறு கோடியில் ஒன்று. மேட்டில் ஒரு சிறு மாற்றம் காலத்தில் ஊழியளவு மாற்றமாகிவிடும்.

இதைச் சோதிக்க வேறெங்கும் போகவேண்டாம். அதே மணல்மணிக்குள்ளேயே சோதனை நடந்துகொண்டிருக்கிறது. சிதைந்த தோரியம் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. ரேடியம், ரேடியோதோரியம், தொரோன் வாயு என்று படிப்படியாக மாறி இறுதியில் ஈயமாகிறது. அந்த வரிசையின் கடைசிப் படிகளில் பொலோனியம்-212 வரும். தோரியம்-232 விடும் அல்பாவின் சக்தி 40 இலட்சம் இலத்திரன்வோல்ற்று, அரை ஆயுள் 1405 கோடி ஆண்டு. பொலோனியம்-212 விடுவது 88 இலட்சம் இலத்திரன்வோல்ற்று. அரை ஆயுள் ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சக்தி இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. ஆயுளோ ஒன்றின்பின் 24 சுழியம் போட்ட மடங்கு வேறுபடுகிறது. கூடிய சக்தி, குறைந்த ஆயுள் என்ற ஒழுங்கைக் கைகரும் நட்டலும் 1911இலேயே அளவீட்டிலிருந்து கண்டிருந்தார்கள்; காரணம் தெரியாமல் பதினேழு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. காமோவின் கணக்கில் காரணம் இருந்தது. பொலோனிய அல்பா கடக்கவேண்டிய மேட்டின் அகலம் தோரிய அல்பாவுக்குரியதில் மூன்றில் ஒரு பங்களவுதான். கருவுக்குள் இருக்கும் அல்பா மேட்டின் சுவரில் விநாடிக்கு ஒன்றின்பின் 21 சுழியம் என்ற தரத்தில் மோதிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டு ஆயுள்களும் ஒரே சூத்திரத்தில் பெரும்பாலும் விழுகின்றன. 24 சுழியங்களை ஒரே மூச்சில் விளங்கப்படுத்தும் கொள்கையை நம்பாமல் இருப்பது கஷ்டம்.

அப்படியும் ஒருவர் கேட்கலாம்: வாய்ப்பு என்பது நம் அறியாமைக்கு இன்னொரு பெயரோ? அணுவுக்குள் நாம் காணாத ஒரு சிறு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்து, குறித்த நேரத்தில் அல்பாவை விடுகிறதோ? நியாயமான கேள்விதான்; ஐன்ஸ்ரைனே விடாமல் கேட்ட கேள்வி. 1964இல் ஜோன் பெல் அதற்கு ஒரு சோதனை வழி சொன்னார். தூரத்தில் பிரிந்துபோன இணைத் துணிக்கைகள் தம்முள்ளே மறைவான குறிப்புகளைக் கொண்டுபோகின்றன என்றால், அளவீடுகளுக்கிடையிலான ஒற்றுமை ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் ஆகியோரின் ஒளிச் சோதனைகளில் அந்த எல்லை தாண்டப்பட்டது. 2022இன் நோபல் பரிசு அதற்குத்தான். மறைந்த மணிக்கூடு வேண்டுமென்றால், எவ்வளவு தூரத்துக்கும் கணத்தில் செய்தி அனுப்பும் மணிக்கூடாக அது இருக்கவேண்டும். அந்த விலையைக் கொடுக்கப் பெரும்பாலான பௌதிகர்கள் தயாரில்லை. நானும் அவர்கள் பக்கம்தான்.

ஊடுருவல் கருவோடு நின்றுவிடவில்லை. சூரியன் எரிவதும் அதனால்தான். நடுவில் ஒன்றரைக் கோடி பாகை வெப்பம் இருந்தும் இரண்டு புரோத்தன்கள் மேட்டின்மேல் ஏறித் தொடும் அளவுக்கு அது போதாது, ஊடுருவித்தான் சேர்கின்றன. நம் சட்டைப்பைக்குள்ளும் அது நடக்கிறது. கைபேசியில் ஒரு படத்தைச் சேமிக்கும்போது, மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு தடிப்பே உள்ள காவற்படலம் ஒன்றை இலத்திரன்கள் ஊடுருவி அப்பால் போய்த் தங்குகின்றன. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அங்கேயே இருப்பதால்தான் படம் அழிவதில்லை. வருடக்கணக்கில் மின் இல்லாமல் போட்டுவைத்தால் மெல்லமெல்லத் திரும்பவும் கசியும்.

கணினிக்கும் தோரியத்துக்கும் இடையில் ஒரு பழைய பகையும் உண்டு. 1970களின் இறுதியில் இன்ரெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் 1 என்று எழுதியது தானாக 0 ஆகிக்கொண்டிருந்தது. சில்லு பழுதில்லை, திரும்ப எழுதினால் சரியாக வேலை செய்தது. ரிமதி மே, முரே வூட்ஸ் என்ற இரு பொறியியலாளர்கள் 1978இல் காரணத்தைச் சொன்னார்கள். சில்லை மூடியிருந்த பொதிப்பொருளில் யுரேனியமும் தோரியமும் அற்ப அளவில் கலந்திருந்தன. ஓர் அல்பா சிலிக்கனுக்குள் பாய்ந்தால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலத்திரன்களைக் கிளப்பிவிடும். அக்காலத்தில் ஒரு நினைவறையில் சேமித்திருந்த ஏற்றமும் அந்தத் தரத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு பொதிப்பொருள்களின் அல்பா அளவைச் சோதிப்பது தொழிலின் வழக்கமாகிவிட்டது.

குவாண்டம் கணினியில் இந்தப் பகை முற்றுகிறது. அதன் அடிப்படை அலகு குவாண்டம் பிட். சாதாரணப் பிட் 0 அல்லது 1. இது, சிதைந்தும் சிதையாமலும் இருக்கும் கருவைப்போல, இரண்டின் அலைகளையும் ஒருங்கே தாங்கும். எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் கணினி என்று பத்திரிகைகள் எழுதுவது பாதி உண்மை. முயல்வது பெரிதில்லை, அளந்தால் ஒரு விடைதானே வரும். தவறான விடைகளுக்குரிய அலைகள் ஒன்றையொன்று அழிக்கவும், சரியான விடைக்குரியவை ஒன்றுசேர்ந்து பெருக்கவும் செய்வதில்தான் வித்தை இருக்கிறது. அப்படி வழிகாட்டக்கூடிய கணக்குகள் சிலவே.

இன்று பல ஆய்வுகூடங்கள் பயன்படுத்தும் மீகடத்திக் குவாண்டம் பிட், ஊடுருவலிலிருந்து பிறந்தது. 1984, 1985இல் பேர்க்லியில் ஜோன் கிளார்க், மிஷேல் டெவொரே, ஜோன் மாட்டினிஸ் மூவரும் கையில் எடுக்கக்கூடிய ஒரு மின்சுற்றை மிகக் குளிரவைத்து, அதிலுள்ள கோடானுகோடி இலத்திரன் இணைகளும் சேர்ந்து ஒரே துணிக்கைபோல ஒரு சக்தி மேட்டை ஊடுருவுவதைக் காட்டினார்கள். தாண்டியதா, ஊடுருவியதா என்று எப்படித் தெரியும்? வெப்பத்தின் உதைப்பால் தாண்டுவதாக இருந்தால் குளிரக்குளிர அது அரிதாகிக்கொண்டே போகவேண்டும். ஓர் அளவுவரை அப்படித்தான் குறைந்தது. அதற்குக் கீழே எவ்வளவு குளிரவைத்தாலும் வீதம் மாறவில்லை. தோரியத்தைச் சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் சிதைவு வீதம் மாறாததும் இதே காரணத்தால்தான். 2025ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு இந்த வேலைக்குக் கிடைத்தது. அந்தப் பிட்டுகளின் அலை நெடுநேரம் தாங்குவதில்லை. அவற்றைக் குழப்பும் காரணங்களில் இயற்கைக் கதிர்வீச்சும் ஒன்று என்று 2020இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள், தடித்த ஈயச் சுவரை உயர்த்தியும் இறக்கியும் பார்த்துக் காட்டினார்கள். கட்டடச் சீமெந்தில் தோரியமும் யுரேனியமும் சிறிதளவு எப்போதும் இருக்கும். புல்மோட்டையில் மட்டுமில்லை, எங்கும்.

தோரியம் கெடுதல் மட்டும் செய்வதில்லை. தோரியம்-232இன் கருவுக்கு ஒரு நியூத்திரனை ஊட்டினால் அது சில படிகளில் யுரேனியம்-233 ஆகும். கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி என்ற 30 கிலோவாற்று ஆய்வு உலையின் எரிபொருள் அதுதான். யுரேனியம்-233 சிதைந்தால் தோரியம்-229 வரும். நம் கரைமணலில் இல்லாத இந்தத் தோரியத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. கருக்களின் சக்திப் படிகள் பொதுவாக ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் இலத்திரன்வோல்ற்று உயரமானவை, லேசரால் எட்டமுடியாது. தோரியம்-229இன் முதற்படி வெறும் 8.36 இலத்திரன்வோல்ற்று. கருவுக்குள் இழுக்கும் விசையும் தள்ளும் மின்விசையும் ஏறக்குறைய முழுதாக ஒன்றையொன்று சமன்செய்துவிட்டு மிச்சம் வைத்த துளி அது. பல ஆண்டுத் தேடலுக்குப்பின் 2024இல் வியன்னாவிலும் பிறவுன்ஷ்வைக்கிலும் உள்ள ஆய்வாளர்கள் லேசரால் அந்தப் படியில் கருவை ஏற்றினார்கள். சில மாதங்களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜுன் யேயின் குழு அதன் அதிர்வெண்ணை ஓர் அணு மணிக்கூட்டோடு ஒப்பிட்டு அளந்தது. விநாடிக்குச் சுமார் 2020 இலட்சம் கோடி அதிர்வுகள். அணுக்கரு மணிக்கூட்டுக்கு அடித்தளம் போட்டாயிற்று. கருவுக்குள் அந்த இரு விசைகளின் சமநிலை மிக நுண்ணியது என்பதால், இயற்கையின் அடிப்படை மாறிலிகள் காலத்தோடு துளியாவது மாறுகின்றனவா என்பதை இதைவிட உணர்திறனோடு காட்டக்கூடிய கருவி இப்போதைக்குத் தெரியவில்லை.

மணிக்கூடு இவ்வளவு நுட்பமானால் ஈர்ப்பைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. ஈர்ப்பு வலுவான இடத்தில் நேரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை. திருகோணமலைக் கடற்கரையில் ஒரு மணிக்கூட்டையும், ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில் கோணேசர் கோயிலடியில் இன்னொன்றையும் வைத்தால், மேலே உள்ளது ஓர் ஆண்டில் விநாடியின் நூறு கோடியில் 340 பங்கு முந்தும். இன்றைய சிறந்த அணு மணிக்கூடுகளுக்கு நூறு மீற்றர் தேவையில்லை. 2022இல் ஒரு மில்லிமீற்றர் உயர வித்தியாசத்துக்குள்ளேயே இதை அளந்துவிட்டார்கள். ஈர்ப்பின் மேடுபள்ளங்களை மணிக்கூட்டால் வரைபடமாக்கலாம் என்ற பேச்சும் இதனால்தான். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் மட்டம், சீரான பூமிக்கு இருக்கவேண்டிய மட்டத்திலிருந்து நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் நமக்கு அயலில்தான்.

இனி வருவது விடை இல்லாத பகுதி. குவாண்டம் கொள்கைப்படி ஓர் அணுவை ஒரே வேளையில் இரண்டு உயரங்களில் இருக்கச் செய்யலாம், சோதனைக்கூடங்களில் செய்கிறார்கள். அந்த அணுவே ஒரு மணிக்கூடு என்றால் அது காட்டும் நேரம் எது, மேலிடத்தினதா கீழிடத்தினதா? இரண்டும் என்பது குவாண்டம் கொள்கையின் பதில். அப்படியானால் அந்த அணுவின் சொந்த ஈர்ப்பும் இரண்டு இடத்திலிருந்தும் இழுக்கிறதா? பொதுச் சார்புக் கொள்கையில் இதற்கு இடமே கிடையாது. வெளியும் நேரமும் அதில் ஒரே வடிவம்தான் எடுக்கும். தோரியம் கருவுக்குள் 24 சுழியங்களைச் சரியாகச் சொன்ன கொள்கை, இந்தக் கேள்வியில் வாய் மூடிவிடுகிறது.

2017இல் சௌகத போஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனையை முன்வைத்தார்கள். ஒக்ஸ்போர்ட்டில் மார்லெற்றோவும் வெட்ராலும் அதே வேளையில் அதே யோசனையைச் சொன்னார்கள். இரண்டு வைர நுண்துகள்களை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் இருக்கச் செய்யவேண்டும். ஈர்ப்பைத் தவிர வேறெதுவும் அவற்றுக்கிடையே செல்லக்கூடாது. சற்று நேரத்தின்பின் இரண்டும் பெல் சொன்ன வகையில் பிணைந்திருந்தால், அந்தப் பிணைப்பைக் கொண்டுசென்ற ஈர்ப்பும் குவாண்டம் இயல்புள்ளதாகத்தான் இருக்கவேண்டும். போஸ் வேலை செய்வது இலண்டன் யுனிவர்சிற்றி கொலேஜில். இலங்கைத் தோரியனைற்றை வைத்து ஹான் ரேடியோதோரியத்தைக் கண்ட அதே நிறுவனம்.

அவர்கள் கேட்கும் வைரத் துகள் நமது மொனசைற் மணியின் நிறையில் இருபது இலட்சத்தில் ஒரு பங்கு. மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் 2019இல் வியன்னாவில் இப்படி இரட்டை இடத்தில் வைத்துக் காட்டிய மூலக்கூறுகள், பெரிய மூலக்கூறுகள் என்று பெயர் வாங்கியவை, அந்த வைரத்தைவிட இருபது கோடி மடங்குக்கு மேல் இலேசானவை. வைரத்தை வெற்றிடத்தில் மிதக்கவிட்டு, ஒரு வாயு மூலக்கூறுகூட மோதாமல், விநாடிக்கணக்கில் இரண்டு இடத்திலும் வைத்திருக்கவேண்டும். மிதக்கவிடுவதும் குளிரவைப்பதும் இப்போது பல கூடங்களில் முடிகிறது. இரண்டாக்குவது இன்னும் முடியவில்லை.